புராஜெக்ட் பேரை மாத்தலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஓப்பன் சோர்ஸ் (புரோகிராம் கோடை எல்லாரும் பாத்து, மாத்தி யூஸ் பண்ணலாம்னு வெளிய விடற சாஃப்ட்வேர்) பத்தி எழுதினதுல இருந்து வந்த மெயில்ல பாதி இந்தப் பேரு சமாச்சாரம்தான், அதனால இந்த தடவை வைரஸ், பிரிண்டர், ஸ்லோ லேப்டாப் எல்லாத்தையும் தள்ளி வெச்சுட்டு இதையே எடுத்துக்கிட்டேன். கேட்டவங்க பேரு, அவங்க சாஃப்ட்வேர் பேரு ரெண்டையும் நானே எடுத்துட்டேன், ஊர் மட்டும் இருக்கு.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: அண்ணா வணக்கங்க. நான் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதி கோடு வெக்கற கிட்ஹப் சைட்ல ஓப்பன் சோர்ஸா போட்டு மூணு வருசம் ஆச்சுங்க. மளிகைக்கடை, ஹார்டுவேர் கடைன்னு எங்க பக்கம் நிறைய பேர் வெச்சிருக்காங்க, ஆண்ட்ராய்டு ஆப்பும் இருக்கு. பேரு ஒரு பறவையோட பேருங்க. போன மாசம் ஒரு கம்பெனில இருந்து மெயில், அதே பேர்ல அவங்ககிட்ட ட்ரேட்மார்க் இருக்காம், 15 நாள்ல மாத்தலைன்னா கோர்ட்டுக்குப் போவாங்களாம். ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தன் 'ஓப்பன் சோர்ஸ்டா, எவனும் ஒண்ணும் புடுங்க முடியாது'ங்கறான், இன்னொருத்தன் இன்னைக்கு ராத்திரியே மாத்துங்கறான். நான் யார்கிட்டயும் பத்து பைசா வாங்கலைங்க. மாத்தறதா, வேண்டாமா?

பதில்: தம்பி, அந்த மெயிலுக்கு இன்னும் பதில் போடலைன்னா ரொம்ப நல்லது, ரெண்டு நாள் ஆறட்டும். கோவத்துல போடுற பதில் எங்க போய் நிக்கும்னு 2016 மார்ச்ல உலகமே பாத்துச்சு. அஸெர் கோச்சுலுன்னு ஒரு புரோகிராமர், என்.பி.எம்.ல (ஜாவாஸ்க்ரிப்ட் கோடை எல்லாரும் பகிர்ந்துக்கற கிடங்கு) கிக்ன்னு ஒரு பேக்கேஜ், அதாவது ரெடிமேட் கோடு, வெச்சிருந்தார், கனடாவோட கிக் மெசஞ்சர் கம்பெனி அந்தப் பேர் எங்களுக்கு வேணும்னு மெயில் போட்டாங்க, பேச்சு தடிச்சுது, கடைசில என்.பி.எம்.காரங்களே பேரைத் தூக்கி கம்பெனிக்குக் குடுத்துட்டாங்க. இவர் கடுப்பாகி அங்க இருந்த தன்னோட பேக்கேஜ் எல்லாத்தையும் அழிச்சார். அதுல லெஃப்ட்பேட்ன்னு பதினோரு வரி கோடு ஒண்ணு, ரியாக்ட், பேபல்னு பெரிய பெரிய புராஜெக்ட்டுங்க எல்லாம் எங்கயோ சுத்தி வளைச்சு அந்த பதினோரு வரிமேல நின்னுட்டிருந்துச்சு, ஒரே நேரத்துல எல்லார் பில்டும் (கோடைச் சேத்து சாஃப்ட்வேரா ஆக்கற வேலை) படுத்துருச்சு. அவர் பக்கம் நியாயம் இருந்துச்சா இல்லையாங்கறது தனிக்கதை, பேரு போனது போனதுதான்.

சரி, உங்க விஷயம். மெயில்ல சொன்னது நெஜமான்னு பாருங்க மொதல்ல. ஐ.பி. இந்தியாங்கற அரசாங்க சைட்ல ட்ரேட்மார்க் பப்ளிக் சர்ச் இருக்கு, காசு கிடையாது. சாஃப்ட்வேர்னா கிளாஸ் 9, சாஃப்ட்வேர் சர்வீஸ்னா கிளாஸ் 42, இந்த ரெண்டுலயும் உங்க பேரைப் போட்டுத் தேடுங்க, ஸ்பெல்லிங் கொஞ்சம் மாத்தி மாத்தியும் தேடுங்க. வர்றதுல ஸ்டேட்டஸைப் பாக்கணும், ரெஜிஸ்டர்ட்னு இருந்தா ஒரு கதை, அப்ஜெக்டடுன்னோ (ஆட்சேபணை இருக்கு) அபாண்டண்ட்னோ (கைவிட்டாச்சு) இருந்தா வேற கதை. அதுக்குக் கீழ எந்தப் பொருளுக்கு, எந்த சேவைக்குன்னு எழுதியிருக்கும், அதை ஒரு வரி விடாம படிங்க, ஏன்னா கிளாஸ் 9ங்கறது சாஃப்ட்வேர்ல இருந்து ஹெட்ஃபோன் வரைக்கும் எல்லாம் அடங்கின பெரிய குடோன். அக்கவுண்டிங், பில்லிங்னு அங்க எழுதியிருந்துச்சுன்னா எதுவும் யோசிக்காம மாத்திடுங்க. சம்பந்தமே இல்லாத பொருளா இருந்தா பேச இடம் இருக்கு, அப்பவும் நீங்களா பேசாதீங்க, ட்ரேட்மார்க் பாக்கற ஒரு வக்கீலுக்கு ஒரு மணி நேர ஃபீஸ் குடுத்துக் கேளுங்க. அவங்க ரெஜிஸ்டரே பண்ணலைன்னாலும் உங்களுக்கு முன்னாடி இருந்தே அந்தப் பேர்ல வியாபாரம் பண்ணிட்டிருந்தா பாஸிங் ஆஃப்னு (அவங்க சரக்கு மாதிரி உங்க சரக்கைக் காட்டறது) கேஸ் போட நம்ம 1999 ட்ரேட்மார்க் சட்டத்துலயே வழி இருக்கு. காசு வாங்கலைங்கற ஒரே பாயிண்ட்டை மட்டும் நம்பி உக்காந்துராதீங்க.

மொத ஃப்ரெண்ட் சொன்ன 'ஓப்பன் சோர்ஸ்டா' வாதம் பாதிப் பேருக்கு இருக்கற குழப்பம். லைசென்ஸ் குடுக்கறது கோடுக்கு, பேருக்கு இல்ல. இதுக்கு டெபியன் கதையை விட நல்ல சாட்சி கிடையாது. டெபியன்ங்கறது ஒரு லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம். மொஸில்லாவோட ஃபயர்பாக்ஸ் பிரவுசர் கோடை எடுத்து டெபியன்காரங்க இஷ்டத்துக்கு மாத்தி யாருக்கு வேணா குடுக்கலாம், அதுல மொஸில்லாவுக்கு ஆட்சேபணையே இல்ல, ஆனா நாங்க ஓகே பண்ணாத மாற்றம் இருந்தா ஃபயர்பாக்ஸ்ங்கற பேரும் அந்த லோகோவும் இருக்கக்கூடாதுன்னாங்க 2006ல. டெபியன்காரங்க சளைக்கல, ஐஸ்வீசல்னு பேரை மாத்தி பத்து வருஷம் ஓட்டினாங்க, 2016லதான் ரெண்டு பேரும் சமாதானமாகி மறுபடி ஃபயர்பாக்ஸ் ஆச்சு. அதே பிரவுசர், அதே கோடு, பேரு மட்டும் வேற.

ஃபயர்பாக்ஸ்னு சொன்னதும் உங்க கேஸுக்கு அச்சு அசலா பொருந்தற கதை அந்த பிரவுசரோடதுதான், அதுவும் ஒரு பறவைல இருந்துதான் ஆரம்பிச்சுது. 2002ல அது வந்தப்போ பேரு ஃபீனிக்ஸ். பயோஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆகறப்போ மொதல்ல ஓடற சாஃப்ட்வேர்) பண்ற ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸ் கம்பெனி எங்க பேருன்னு வந்தாங்க. சரின்னு 2003 ஏப்ரல்ல ஃபயர்பேர்டுன்னு மாத்தினாங்க. இங்கதான் கூத்து, ஃபயர்பேர்டுன்னு ஏற்கெனவே ஒரு டேட்டாபேஸ் இருக்கு, போர்லேண்ட் கம்பெனியோட இன்டர்பேஸ்ல இருந்து 2000ல பிரிஞ்சு வந்த ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட். கம்பெனிக்காரன் நோட்டீஸ் விட்டா வக்கீல்கிட்ட போகலாம், சக ஓப்பன் சோர்ஸ்காரனே வந்து 'ஏங்க எங்க பேரை எடுத்துக்கிட்டீங்க'ன்னு கேட்டா எங்க போறது? அந்த ஆளுங்க மெயிலா போட்டுத் தாக்கினாங்க, இவங்க வெறும் ஃபயர்பேர்டு இல்லீங்க மொஸில்லா ஃபயர்பேர்டுன்னு சொல்லிப் பாத்தாங்க, எடுபடல. 2004 பிப்ரவரில 0.8 வெர்ஷனோட சேர்த்து ஃபயர்பாக்ஸ்னு மறுபடி மாத்தினாங்க, இந்த தடவை உஷாரா, அமெரிக்க ட்ரேட்மார்க் ஆபீஸ்ல பதிவு பண்ற வேலையை ஆரம்பிச்சுட்டுதான் வெளியவே சொன்னாங்க. ஒன்றரை வருஷத்துல மூணு பேரு. 1.0 வெளிவந்தது 2004 நவம்பர்ல, அதாவது இந்த அலம்பல் எல்லாம் ஜனங்க கைக்குப் பெருசா போறதுக்கு முன்னாடியே முடிஞ்சுது, தப்பிச்சாங்க. நீங்க மூணு வருஷம் ஓட்டிட்டீங்க, கடைக்காரங்க கைல இருக்கு, உங்களுக்கு ரெண்டாவது தடவை மாத்தற சான்ஸ் கிடையாதுன்னே வெச்சுக்கோங்க.

அதனால புதுப் பேரு தேடும்போது ட்ரேட்மார்க் சர்ச்சோட நிறுத்தாதீங்க. கிட்ஹப், பிளேஸ்டோர், பைபை (பைத்தான் பேக்கேஜ் கிடங்கு), என்.பி.எம்., டொமைன் எல்லாத்துலயும் பாருங்க, சும்மா கூகுள்ல பேரோட பக்கத்துல பில்லிங்னு சேர்த்துப் போட்டும் பாருங்க. காசு இருந்தா நீங்களே ட்ரேட்மார்க்குக்கு அப்ளை பண்ணிடலாம், தனி ஆளுக்கு ஆன்லைன்ல ஒரு கிளாஸுக்கு அரசாங்க ஃபீஸ் 4,500 ரூபா, கிடைச்சா பத்து வருஷத்துக்கு. கிடைக்கறதுக்கு முன்னாடி அந்த வட்டத்துக்குள்ள ஆர் போட்ட சின்னத்தைப் போட்டுறாதீங்க, அது குத்தம், டி.எம். மட்டும் போட்டுக்கலாம்.

மாத்தறதுன்னு முடிவாச்சுன்னா அந்தக் கம்பெனிக்கு மரியாதையா ஒரு பதில், வக்கீல் பாத்த பதிலா இருக்கட்டும். மாத்திக்கிறோம், ஆனா 15 நாள் பத்தாது, மூணு மாசம் குடுங்க, அது வரைக்கும் 'முன்பு இந்தப் பேரில் இருந்தது'ன்னு ஒரு வரி போட்டுக்க அனுமதி குடுங்கன்னு கேளுங்க. பெரும்பாலும் ஒத்துப்பாங்க, அவங்களுக்கும் கோர்ட்டுன்னா செலவுதானே. இதுல ரோஷப்பட ஒண்ணும் இல்ல, ஸ்கைங்கற வார்த்தைக்காக பிரிட்டன் கோர்ட்ல பிஸ்கைபி டிவி கம்பெனிகிட்ட 2013ல தோத்துட்டு மைக்ரோசாஃப்டே ஸ்கைடிரைவை ஒன்டிரைவ்னு மாத்திக்கிச்சு. இழுத்தடிச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு கெய்ம் இருக்கு. அந்த சாட் சாஃப்ட்வேர் பேர்ல இருந்த எய்ம் எங்க மெசஞ்சர் பேருன்னு ஏ.ஓ.எல். கம்பெனி வந்துச்சு, அந்தப் பேச்சு முடியற வரைக்கும் 2.0 பீட்டாவுலயே கிடந்துச்சு, 2007ல பிட்ஜின்னு பேரு மாறின பிறகுதான் ஒழுங்கான ரிலீஸ் வந்துச்சு.

இப்ப வேலை. கிட்ஹப்ல ரெப்போ (உங்க கோடு இருக்கற இடம்) பேரை மாத்தறது ஒரு பட்டன்தான், பழைய லிங்க், பழைய குளோன் (மத்தவங்க எடுத்து வெச்ச காப்பி) எல்லாம் தானா புது இடத்துக்குப் போயிரும், ஆனா பழைய பேர்லயே இன்னொரு ரெப்போ ஆரம்பிச்சீங்கன்னா அந்த ரீடைரக்ட் செத்துரும். கிட்ஹப் பேஜஸ்ல (கிட்ஹப் தர்ற வெப்சைட் வசதி) உங்க ஹெல்ப் பக்கம் வெச்சிருந்தா அது தானா திரும்பாது, அந்த அட்ரஸைக் கடைக்காரங்களுக்கு வாட்ஸப்ல அனுப்பியிருப்பீங்க, அதைத் தனியா கவனிக்கணும். பிளேஸ்டோர்ல வெளிய தெரியற பேரை மாத்தலாம், உள்ள இருக்கற அப்ளிகேஷன் ஐடியை மாத்த முடியாது, மாத்தவும் பாக்காதீங்க, மாத்துனா அது வேற ஆப், உங்க பழைய ஆளுங்களுக்கு அப்டேட்டே போகாது. ஐடிக்குள்ள பழைய பேரு ஒளிஞ்சிருக்கறதை அந்தக் கம்பெனிகிட்ட முன்னாடியே சொல்லி எழுத்துல சம்மதம் வாங்கிடுங்க.

இதெல்லாம் நம்ம பக்கம். கடைப் பக்கம் வேற ரெண்டு வில்லங்கம் இருக்கு. பில்லோட அடில, நன்றி மீண்டும் வருகன்னு வர்ற இடத்துல, உங்க சாஃப்ட்வேர் பேரு சின்னதா பிரிண்ட் ஆகுதான்னு பாருங்க, பெரும்பாலும் ஆகும், மூணு வருஷம் முன்னாடி ஆசையா நீங்களேதான் போட்டிருப்பீங்க. நாள் பூரா தெர்மல் ரோல்ல அந்தப் பேரு அச்சாகி வெளிய போய்க்கிட்டிருக்கு, கம்பெனிக்காரன் வக்கீல் கைக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது, மொத அப்டேட்லயே அந்த வரியை எடுங்க. அடுத்தது டேட்டா ஃபோல்டர். ஃபோல்டர் பேரு புராஜெக்ட் பேரா இருந்து, நீங்க அதையும் சேர்த்து மாத்திட்டீங்கன்னா, புது வெர்ஷன் புது ஃபோல்டர்ல தேடும், ஒண்ணும் இருக்காது, காலைல கடை திறந்தவருக்கு ஸ்டாக் ஜீரோ, கடன் பாக்கி ஜீரோன்னு காட்டும். டேட்டா பக்கத்து ஃபோல்டர்ல பத்திரமா இருக்குன்னு நீங்க ஃபோன்ல சொல்றதுக்குள்ள அவருக்கு நெஞ்சுவலி வந்துரும். பழைய ஃபோல்டர் இருக்கான்னு மொதல்ல பாத்து அதையே எடுத்துக்கற மாதிரி எழுதுங்க. ரிலீஸ் தேதியும் முக்கியம், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்ல ஜி.எஸ்.டி.ஆர். 1க்கு 11ம் தேதி, 3பிக்கு 20ம் தேதின்னு மாசத்துல மொத இருபது நாள் அவங்க தலைக்கு மேல வேலை, 20க்கு அப்புறம் போடுங்க. பேரை மாத்தற அன்னைக்கே ஐகான், கலர், மெனு எல்லாத்தையும் மாத்தற ஆசை வரும், வேண்டவே வேண்டாம். கல்லால உக்காந்திருக்கறவர் பேரைப் படிச்சு ஆப்பைத் திறக்கறதில்ல, ஃபோன்ல கீழ் வரிசைல அந்தப் பச்சைக் கலர் எதுவோ அதைத் தொடுவார், அந்தப் பச்சை அப்படியே இருக்கட்டும். ஐகான்லயே அந்தப் பறவை இருக்குன்னா மட்டும் படத்தை மாத்துங்க, கலரை விட்டுருங்க.

சென்னையிலிருந்து ஒரு வாசகி: எங்க டீம் ஒரு பைத்தான் லைப்ரரி மெயின்டெயின் பண்றோம். பேரு ரொம்ப போரிங், என்ன பண்ணுதோ அதையே பேரா வெச்சுட்டோம். புதுசா சேர்ந்த பசங்க 'கெத்தா ஒரு பேரு வைக்கலாம், அப்பதான் கிட்ஹப்ல ஸ்டார் (லைக் மாதிரி) ஏறும்'னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. மாத்தினா நெஜமாவே ஆளுங்க வருவாங்களா?

பதில்: வரமாட்டாங்க. பேரு போரிங்ன்னா இருந்துட்டுப் போகட்டும், தேடறவனுக்கு அதுதான் ஈஸி. பேரு பொய் சொல்ல ஆரம்பிச்சா மட்டும் மாத்துங்க. பேபலுக்கு ஆரம்பத்துல சிக்ஸ் டு ஃபைவ்னுதான் பேரு, ஜாவாஸ்க்ரிப்ட்டோட ஆறாவது எடிஷன்ல எழுதினதை அஞ்சுக்கு மாத்திக் குடுக்கும், அவ்ளோதான் வேலை. ஆறுக்கு அப்புறமும் எடிஷன் வரப்போகுது, நம்ம டூல் அதையும் செய்யப்போகுதுன்னு ஆனப்போ அந்தப் பேரே தப்பாயிருச்சு, 2015 பிப்ரவரில மாத்தினாங்க. ஐபைத்தான் நோட்புக்ல (பிரவுசர்லயே கோடு எழுதி ஓட்டற டூல்) பைத்தான் மட்டும் இல்லாம ஜூலியா, ஆர்னு மத்த லாங்குவேஜும் ஓட ஆரம்பிச்சதும் 2014ல ஜூபிட்டர்னு தனியா பிரிச்சாங்க, அப்பவும் ஐபைத்தான்ங்கற பேரைக் கொல்லல, பைத்தான் பக்கத்துக்கு அதையே வெச்சுக்கிட்டாங்க. எக்ஸ்.பி.எம்.சி.ங்கற மீடியா பிளேயர் பேர்ல இருக்கற எக்ஸ், எக்ஸ்பாக்ஸ் கேம் மெஷினுக்கானது, அந்த சாஃப்ட்வேர் எக்ஸ்பாக்ஸ்ல ஓடறதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆன பிறகு 2014ல கோடின்னு மாத்தினாங்க, பேரு மேல சட்டப்படி பிடி வேணும்ங்கறதும் ஒரு காரணம். இதுல எதுவுமே கெத்துக்காக நடந்தது இல்ல.

அதோட நீங்க பைத்தான்காரங்க, பைபைல ஒரு பேக்கேஜோட பேரை மாத்தற வசதியே கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். புதுப் பேர்ல புதுசா ஏத்தணும், பழைய பேர்ல கடைசியா ஒரு ரிலீஸ் போட்டு அது புதுசை இழுத்துக்கற மாதிரி பண்ணணும், இம்போர்ட் பேரும் மாறுச்சுன்னா யூஸ் பண்றவங்க ஒவ்வொருத்தரும் தங்களோட கோடைத் திறந்து மாத்தணும். ஸைக்கிட் லேர்ன்ங்கற மெஷின் லேர்னிங் லைப்ரரியைப் பாருங்க, இன்ஸ்டால் பண்ண ஒரு பேரு, இம்போர்ட் பண்ண எஸ்.கே.லேர்ன்னு இன்னொரு பேரு, ஜனங்க இம்போர்ட் பேரையே பிப்ல (பைத்தான் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ற கமாண்ட்) அடிச்சு அடிச்சு, அந்தப் பேர்ல ஒரு டம்மி பேக்கேஜ் இருந்து, அதை வேண்டாம்னு நிறுத்தறதுக்கே 2023ல கொஞ்சம் கொஞ்சமா எரர் காட்டிப் பழக்க வேண்டியதாப் போச்சு. அந்தப் பசங்களுக்கு ஆர்வம் இருக்குல்ல, டாக்குமெண்டேஷன்ல உதாரணம் எழுதச் சொல்லுங்க, ஸ்டார் அதுல ஏறும்.

பெங்களூருவிலிருந்து ஒரு வாசகர்: சார், வேலைல இருந்தப்போ நான் ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் டூல், கோடு முக்கால்வாசி நான் எழுதினது. இப்ப வேற கம்பெனிக்கு வந்துட்டேன், பழைய ஆபீஸ்ல அந்தப் பேரு எங்களுதுங்கிறாங்க. பேரை விட்டுக்குடுக்க மனசு வரல, சண்டை போடவா?

பதில்: பேரு அவங்க பேர்ல ரெஜிஸ்டர் ஆகியிருந்தா சண்டைல காசும் காலமும்தான் போகும் சார். இதே நிலைமைல ஜெரால்டு கோம்ப்ஸ் என்ன பண்ணார்னு பாருங்க. 1998ல கான்சாஸ் சிட்டில ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனில வேலைல இருந்தப்போ நெட்வொர்க்ல போற பாக்கெட்டைப் பிடிச்சுப் பாக்க எத்தீரியல்னு ஒண்ணு எழுதினார், உலகம் பூரா நெட்வொர்க் ஆளுங்க கைல அதுதான். 2006ல வேற கம்பெனிக்கு மாறினார். கோடுல பெரும்பகுதிக்குக் காப்பிரைட் அவர்கிட்ட, மீதி ஜி.பி.எல். (யாரும் எடுத்து மாத்தலாம்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்), அதனால கோடை அப்படியே தூக்கிட்டு வந்துட்டார், எத்தீரியல்ங்கற பேரு மட்டும் பழைய கம்பெனியோடது. வயர்ஷார்க்னு புதுப் பேரு வெச்சு, கூட வேலை செஞ்ச டெவலப்பர்களும் இந்தப் பக்கமே வந்துட்டாங்க, முடிஞ்சுது. இன்னைக்கு காலேஜ்ல நெட்வொர்க் லேப்ல பசங்ககிட்ட எத்தீரியல்னு சொல்லிப் பாருங்க, முழிப்பாங்க.

கோடைத் தானா பில்டு பண்ணி டெஸ்ட் பண்ற ஜென்கின்ஸும் அப்படித்தான். கோஸுகே கவாகுச்சி சன் கம்பெனில இருந்தப்போ எழுதின ஹட்சன், சன்னை ஆரக்கிள் வாங்கினதும் பேரு எங்களுதுன்னாங்க, ஹட்சனை ஜென்கின்ஸ்னு மாத்தலாமான்னு புராஜெக்ட் ஆளுங்க 2011 ஜனவரில ஓட்டு போட்டாங்க, மாத்தலாம்னு 214, வேண்டாம்னு 14. ஆரக்கிள் ஹட்சனை விடாம தனியா நடத்திப் பாத்துச்சு, அப்புறம் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன்கிட்ட குடுத்துச்சு, 2017ல அதுக்கு மூடுவிழா. எழுதற ஆளுங்க எந்தப் பக்கமோ புராஜெக்ட் அந்தப் பக்கம்தான் போகும், அதனால நீங்க எண்ண வேண்டியது பேரை இல்ல, உங்க கூட வரப்போற ஆளுங்களை.

ஆனா எல்லாத்தையும் இப்படி சுபமா முடிச்சுட முடியாது, லிப்ரேஆபீஸ் கதையையும் சொல்லணும். 2010 செப்டம்பர்ல ஓப்பன்ஆபீஸ்ங்கற இலவச ஆபீஸ் சாஃப்ட்வேர்ல இருந்து ஆளுங்க பிரிஞ்சு வந்தப்போ லிப்ரேஆபீஸ்ங்கறது தற்காலிகப் பேருதான், ஆரக்கிள் பெரிய மனசு பண்ணி பழைய பேரைக் குடுக்கும்னு எதிர்பாத்தாங்க. ஆரக்கிள் 2011ல அந்தப் பேரை அப்பாச்சி ஃபவுண்டேஷனுக்குக் குடுத்துருச்சு. வேலை பூரா இந்தப் பக்கம் நடக்குது, ஓப்பன்ஆபீஸ்ல 2014ல வந்த 4.1க்கு அப்புறம் பெரிய ரிலீஸே இல்ல, இருந்தும் ஜனங்க தேடறது பழைய பேரைத்தான். 2020 அக்டோபர்ல, ஓப்பன்ஆபீஸ் இருபதாவது வருஷத்துல, லிப்ரேஆபீஸ்காரங்க பகிரங்கமா ஒரு கடிதம் எழுதினாங்க, உங்ககிட்ட வர்றவங்ககிட்ட நாங்க இருக்கோம்னாவது சொல்லுங்கப்பான்னு. பிரிஞ்சு பத்து வருஷம் கழிச்சு! எத்தீரியலை யூஸ் பண்ணவன் நெட்வொர்க் ஆளு, அவனுக்கு செய்தி ஒரே வாரத்துல போயிரும். ஆபீஸ் சாஃப்ட்வேர் யூஸ் பண்றது ரேஷன் ஆபீஸ் கிளார்க்ல இருந்து ஸ்கூல் டீச்சர் வரைக்கும், அவங்களுக்கு யாரு போய் சொல்றது. உங்க டூலை யூஸ் பண்றது யாருன்னு நீங்க எழுதல, டெவலப்பர்கள்னா இப்பவே கிளம்பிடுங்க, சாதாரண ஜனங்கன்னா பழைய ஆபீஸ்ல யாராவது நல்ல மனுஷன் இருந்தா ஒரு தடவை பேசிப் பாத்துட்டு அப்புறம் கிளம்புங்க.

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்: எங்க புராஜெக்ட் பேரு வேற ஒரு பாஷைல கெட்ட வார்த்தை மாதிரி ஒலிக்குதுன்னு ஒருத்தர் இஷ்யூ (புகார்) போட்டிருக்கார். ஒருத்தர் சொன்னதுக்காக மாத்தணுமா?

பதில்: ஒருத்தர் சொன்னார்ங்கறதுக்காக வேண்டாம், அந்த பாஷை பேசறவங்க எத்தனை பேர் உங்க ஆளுங்கன்னு பாருங்க. பிரான்ஸ்ல இன்ரியா ஆராய்ச்சி நிறுவனத்துல பண்ண காக்னு ஒரு ப்ரூஃப் அசிஸ்டன்ட் (கணித நிரூபணத்தைச் சரிபாக்கற சாஃப்ட்வேர்), 1989ல இருந்து அதே பேரு, பிரெஞ்சுல அது சேவல், ஓகே, இங்கிலீஷ்ல சத்தமா சொன்னா அசிங்கம். கிளாஸ்ல, இன்டர்வியூல, முக்கியமா பெண்கள், நான் இதுலதான் வேலை பண்றேன்னு சொல்றதுக்கே கூச்சப்படற நிலைமை. வருஷக்கணக்கா பேசி, 2023ல ராக்னு மாத்தறதா அறிவிச்சு, 2025 மார்ச்ல 9.0ல தான் முழுசா மாறுச்சு, அவசரமே படல. அதுக்கு நேரெதிர் ஜிம்ப்ங்கற போட்டோ எடிட்டர், அந்தப் பேர் இங்கிலீஷ்ல ஊனமுற்றவங்களைக் கேலி பண்ற வார்த்தைன்னு பல காலமா புகார், மாத்த மாட்டோம்னுட்டாங்க. 2019ல சிலர் பேருக்காகவே பிரிஞ்சு போய் கிளிம்ப்ஸ்னு ஆரம்பிச்சாங்க, 2021ல ஆள் பத்தாம நிறுத்திட்டாங்க. என் கட்சி காக் பக்கம்தான், கூச்சத்தோட ஒருத்தர் பேரைச் சொல்ல வேண்டியிருந்தா அது நல்ல பேரு இல்ல. மாத்தறதை உள்ள இருக்கறவங்களே செய்யணும், வெளிய போய் வேற பேர்ல ஆரம்பிச்சா மெயின்டெயின் பண்ணியே மாளாது.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: பேரை மாத்தியாச்சு. கோடுக்குள்ள ஃபங்ஷன், கிளாஸ்னு நூறு இடத்துல பழைய பேரு இருக்கு, எல்லாத்தையும் துடைச்சுடணுமா?

பதில்: வெளிய கண்ணுல படற இடத்தை மட்டும் மாத்துங்க, உள்ள கை வைக்காதீங்க. ஜென்கின்ஸ் சோர்ஸ் கோடைத் திறந்து பாருங்க, பேக்கேஜ் பேரு இன்னமும் ஹட்சன்தான், மாத்தினா அத்தனை பிளகினும் (கூட ஒட்டிக்கற குட்டி சாஃப்ட்வேர்) உடையும். லிப்ரேஆபீஸை கமாண்ட்ல ஓட்டறதுக்கு எஸ் ஆபீஸ்னு அடிக்கிறோமே, அந்த எஸ் ஓப்பன்ஆபீஸுக்கும் முந்தின ஸ்டார்ஆபீஸோடது. பழைய பேருக்காக வக்கீல் நோட்டீஸ் வந்து நீங்க மாத்தியிருந்தா மட்டும் உள்ள என்னென்ன விட்டு வெக்கலாம்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: நியூமராலஜி பாக்கற என் மாமா, ஆப்போட இங்கிலீஷ் பேர்ல ஒரு ஏ சேர்த்தா கூட்டுத்தொகை அஞ்சு வரும், டவுன்லோடு பிச்சுக்கும்கிறார். மாமா பேச்சைத் தட்ட முடியல. சேக்கலாமா?

பதில்: மாமா மனசு நோக வேண்டாம், பிளேஸ்டோர்ல தெரியற பேர்ல வேணா ஒரு ஏ சேர்த்துக்கோங்க, அதை எப்ப வேணா திருப்பிக்கலாம். டொமைன்லயும், பேக்கேஜ் பேர்லயும், கமாண்ட்லயும் மட்டும் வேண்டாம். ஒருத்தர் ஃபோன்ல சொல்லி இன்னொருத்தர் டைப் பண்ணும்போது 'ரெண்டு ஏவா, மூணு ஏவா'ன்னு ஆரம்பிச்சா பாதிப் பேர் தப்பாத்தான் அடிப்பாங்க, அந்தத் தப்பான ஸ்பெல்லிங்ல எவனாவது வைரஸோட ஒரு பேக்கேஜை ஏத்தி வெச்சுக் காத்துக்கிட்டிருப்பான், அதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. சேத்தே தீரணும்னா ரெண்டு ஸ்பெல்லிங்லயும் டொமைனை நீங்களே வாங்கிப் போட்டுருங்க, ரெண்டாவது டொமைனுக்கான காசை மாமாகிட்டயே வாங்கிக்கலாம்.